“அப்ப எதுக்கு வந்த கண்ணு?” - வீடு தேடி வரும் மருத்துவ மாணவர்கள்!

காலை பத்து மணி. மருத்துவக் கல்லூரியின் பஸ் ஊர்ப் பொதுக் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வெள்ளை கோட் போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். கையில் ஃபைல், தோளில் பை, பைக்குள் பி.பி பார்க்கும் கருவி. சிலருடைய கோட்டில் கடையில் மடித்துக் கொடுத்த மடிப்புகூட இன்னும் போகவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும் பாட்டி நிமிர்ந்து பார்க்கிறார்.

“வா கண்ணு. டாக்டரா? முட்டி வலிக்கு ஊசி போடுவியா?”

“இல்ல பாட்டி. நான் ஃபர்ஸ்ட் இயர்தான். ஊசியெல்லாம் போடக் கூடாது.”

“மாத்திரையாவது குடுப்பியா?”

“அதுவும் நான் குடுக்கக் கூடாது பாட்டி.”

பாட்டி கையிலிருந்த புளியைக் கீழே வைக்கிறார்.

“அப்ப எதுக்கு வந்த கண்ணு?”

மாணவி ஃபைலைப் பார்க்கிறாள். அதில் பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பாட்டி கேட்ட கேள்விக்கான பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஏதோ ஓர் ஊரில், ஒரு நாளில் நடந்த சம்பவமாக இதைப் படிக்க வேண்டாம். பல ஊர் வாசல்களில் நடக்கக்கூடியதை ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஆனால், பாட்டி கேட்டது நிஜமான கேள்வி. வைத்தியம் பார்க்கத் தெரியாத, பார்க்க அனுமதியும் இல்லாத 18 வயதுப் பிள்ளையை எதற்காக ஒரு வீட்டுக்கு அனுப்ப வேண்டும்? அதனால் அந்த வீட்டுக்கு என்ன லாபம்?

என்ன திட்டம் இது?

இதற்குப் பெயர் ‘குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்’. நாடு முழுவதும் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம், 2021-22-ல் எம்.பி.பி.எஸ் சேர்ந்த மாணவர்களிலிருந்து இதைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக்கியது. ‘நேரம் இருந்தால் செய்யலாம்’ என்ற சேவைக் கணக்கில் இது வராது. வகுப்பைப் போல இதற்கும் மணிக்கணக்கு உண்டு, வருகைப் பதிவு உண்டு.

ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று முதல் ஐந்து குடும்பங்கள் ஒதுக்கப்படும். முதலாண்டில் ஆரம்பித்து, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே குடும்பங்களைத்தான் அவர் பார்க்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை இருக்கிறதா, யாருக்கு என்ன நோய், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா... இவற்றைக் கேட்டு எழுத வேண்டும். உயரம், எடை, ரத்த அழுத்தம் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். பிரச்னை தெரிந்தால், உடன் வரும் ஆசிரியரிடம் சொல்லி மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வழிகாட்ட வேண்டும். இதை முன்னின்று நடத்துவது கல்லூரியின் சமூக மருத்துவத் துறை.

எதற்காக இந்த ஏற்பாடு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் சுமார் 69 சதவிகிதம் பேர் கிராமவாசிகள். நகரங்கள் நிறைந்த தமிழ்நாட்டிலேயே பாதிக்கும் சற்று அதிகமானவர்கள் கிராமங்களில்தான் இருந்தார்கள். டாக்டர்களோ பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். ஐந்தரை ஆண்டுகள் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே படித்து முடித்த ஒருவரை, திடீரென ஒரு கிராமத்தில் கொண்டுபோய் விட்டால் அவருக்கு அந்த ஊர் புரியாது. ஊருக்கும் அவரைப் புரியாது.

முன்பெல்லாம் எம்.பி.பி.எஸ் மாணவர் தன் முதலாண்டில் நெருங்கிப் பழகும் மனித உடல், அனாடமி ஹாலில் ஃபார்மலின் வாசனையோடு மேசையில் கிடக்கும் உடல்தான். அது பேசாது. ‘எதுக்கு வந்த?’ என்று கேட்காது. இப்போது அதே முதலாண்டில், பேசும் மனிதர்களையும் பார்த்தாக வேண்டும்.

திண்டிவனத்தில் தட்டப்பட்ட கதவு

வைத்தியம் வாசலைத் தாண்டி வெளியே போக வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

1890-களில் திண்டிவனத்தில் ஒரு டாக்டர் வீடு. அங்கே தங்கியிருந்த அவருடைய மகள் ஐடா ஸ்கடரை ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கூப்பிட்டார்கள். மூன்று பேரின் மனைவிகளும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ‘நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர்’ என்றார் ஐடா. ஆண் டாக்டர் வந்து பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1899-ல் அமெரிக்காவில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்தார். ஆஸ்பத்திரி கட்டியதோடு நிற்காமல், வழியோர ஊர்களில் வண்டியை நிறுத்தி, மரத்தடியிலேயே நோயாளிகளைப் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. முதலாண்டு மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து, வீடு வீடாகப் போய்ப் பேசிப் பழகச் செய்யும் வழக்கம் அந்தக் கல்லூரியில் பல ஆண்டுகளாக உண்டு.

மகாராஷ்டிராவின் சேவாகிராமில், காந்தி வாழ்ந்த ஆசிரமத்துக்குப் பக்கத்தில் 1969-ல் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் மாணவர்கள் ஒரு கிராமத்தைத் தத்தெடுப்பார்கள். அந்த ஊரிலேயே முகாம் போட்டுத் தங்குவார்கள். ஆளுக்குச் சில குடும்பங்கள் என்று பொறுப்பு ஏற்றுக்கொள்வார்கள். இன்றைய தேசியத் திட்டத்தைப் பார்த்தால், சேவாகிராம் சாயல் பளிச்சென்று தெரியும்.

அரசு அளவிலும் இந்தப் பேச்சு பழசுதான். சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டிலேயே, 1946-ல், ஜோசப் போர் தலைமையிலான குழு ‘நோய் தீர்ப்பவராக மட்டுமல்லாமல், மக்களின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டு நோய் வராமல் தடுப்பவராகவும் டாக்டர் இருக்க வேண்டும்’ என்ற கருத்தை முன்வைத்தது. 1977-ல் மத்திய அரசு இன்னொரு முயற்சி எடுத்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. ஊர் ஊராகப் போக வேன்களும் கொடுத்தது. ஆரம்பித்த வேகம் நிலைக்கவில்லை. நாளடைவில் அந்தத் திட்டம் சோர்ந்துபோனது.

இந்த முன்கதை முக்கியம். ஊருக்கு பஸ் அனுப்புவது சுலபம். அதே வீட்டுக்கு, அதே ஆளை, மறுபடி மறுபடி அனுப்புவதுதான் கஷ்டம். இப்போதைய திட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் அதில்தான் இருக்கிறது.

மாத்திரை ஏன் நின்றுபோனது?

மறுபடி பாட்டியின் திண்ணைக்கு வருவோம்.

படிவத்தில் ஒரு கேள்வி: ‘சர்க்கரை நோய் உண்டா?’ உண்டு. அடுத்தது: ‘மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?’ எடுக்கிறேன். இரண்டு டிக். வேலை முடிந்தது. பெரும்பாலான படிவங்கள் இந்த இடத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

நம் மாணவி இன்னொன்றையும் கேட்கிறாள். “அந்த மாத்திரையைக் கொஞ்சம் காட்டுறீங்களா பாட்டி?”

பாட்டி உள்ளே போய் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வருகிறார். அதற்குள் மாத்திரை அட்டைகள். போன மாதம் வாங்கியது. பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

“தினமும் போடுறதில்லையா பாட்டி?”

“காலையில வெள்ளனவே நூறு நாள் வேலைக்குப் போயிடுவேன். ஒரு வாய் டீத்தண்ணிதான். வெறும் வயித்துல இதைப் போட்டா வயித்தைக் கலக்குது கண்ணு. அங்க ஒதுங்க எடம் ஏது? அதான் வேலை இருக்குற நாள்ல போடுறதில்ல.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“அந்தக் கூட்டத்துல, அத்தனை பேருக்கு முன்னாடி இதைப் போயி எப்படிச் சொல்றது?”

பாட்டி சாப்பிடுவது மெட்ஃபார்மின். சர்க்கரை நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் அந்தத் தொல்லை குறையும். இது எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். ஆனால், பாட்டி காலையில் சாப்பிடுவதில்லை என்பதும், வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறை இல்லை என்பதும் எந்த டாக்டருக்கும் தெரியாது. சொல்ல பாட்டிக்கு வாய் வரவில்லை. கேட்க டாக்டருக்கு நேரமில்லை.

இது அப்படியே தொடர்ந்தால் என்ன ஆகும்? அடுத்த முறை ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருக்கும். ‘இந்த டோஸ் போதவில்லை’ என்று டாக்டர் மருந்தைக் கூட்டக்கூடும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிச்சம் கிடக்கும் அட்டைகள் இன்னும் அதிகமாகும். சர்க்கரை மட்டும் சத்தமில்லாமல் கண்ணையும் காலையும் கிட்னியையும் தின்றுகொண்டிருக்கும்.

மாணவி டோஸை மாற்றவில்லை. அவளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. வீட்டில் பார்த்ததை எழுதி, ஆசிரியரிடம் சொல்கிறாள். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்கிறார். பாட்டி எந்த வேளை நன்றாகச் சாப்பிடுகிறாரோ, அந்த வேளைக்கு மாத்திரையை மாற்றிக் கொடுப்பது அங்குள்ள டாக்டரின் வேலை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து மருந்து தரும் தன்னார்வலரிடமும் தகவல் போகிறது. ஒரே ஒரு கூடுதல் கேள்விதான். அதைக் கேட்க ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை. திண்ணையில் உட்கார நேரம் இருக்கும் ஓர் ஆள் போதும்.

பாட்டியின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்ப்பது நோயாளியின் சில நிமிடங்களை. அந்த மாணவி பார்ப்பது அவருடைய மீதி நாளை.

ஐ.சி.எம்.ஆர் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். இத்தனை பேரில் எத்தனை வீட்டு பாட்டில்களில் மாத்திரை மிச்சமிருக்கிறது என்பது, வீட்டுக்குள் போனால்தான் தெரியும்.

மருமகளின் டீயும் மண்பானையும்

அதே வீட்டில் மருமகள். எப்போதும் அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கசப்பு போக, மாத்திரையைப் போட்ட கையோடு ஒரு டீ குடித்துவிடுகிறார். டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்து, இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கும். ‘மலம் கறுப்பா போகுது, என்னமோ ஏதோன்னு பயந்து நிறுத்திட்டேன்’ என்று சொல்பவர்களும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படிப் போவது இயல்புதான் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் (2019-21) படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, பாதிக்கும் மேல். மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. டீ டம்ளருக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்ற விஷயம்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை.

மாணவர்களுக்கு வீடுகள் கற்றுக்கொடுப்பதும் உண்டு. இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது புத்தகம் சொல்வது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில்? ஒரு மண்பானையில் தண்ணீர் விட்டு, அதற்குள் மூடிய டப்பாவில் இன்சுலினைப் பத்திரப்படுத்தி, நிழலில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. டாக்டர்களே அதைப் பரிந்துரைப்பதும் உண்டு. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினுக்கு வெயிலும் படக் கூடாது, உறைந்தும் போகக் கூடாது என்பதுதான் விஷயம். புத்தகத்தில் படித்ததை ஒரு பானைக்குள் பார்க்கும் மாணவர், அதை எந்தப் பரீட்சையிலும் மறக்க மாட்டார்.

குத்துதா, கடுக்குதா, எரியுதா?

அடுத்த பாடம், மொழி.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவிகித எம்.பி.பி.எஸ் இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. ராஜஸ்தானிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வரும் பிள்ளைகள் தமிழ் தெரியாமலேயே இந்தத் திண்ணைகளுக்கு வருவார்கள். அதனால்தான் உள்ளூர் மொழியைக் கற்பதும் முதலாண்டின் தொடக்கப் பயிற்சியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘சாப்டீங்களா?’, ‘எங்க வலிக்குது?’ என்ற இரண்டு வாக்கியங்களோடு அவர்கள் ஆரம்பிப்பார்கள்.

தமிழ் தெரிந்த மாணவர்களுக்கும் இது லேசான பாடம் இல்லை. ஆங்கிலத்தில் ‘பெயின்’ என்று படித்துவிட்டு வருபவரிடம் பாட்டி சொல்வார்: குத்துது, கடுக்குது, எரியுது, பிசையுது, சுருக்குனு இழுக்குது, விண்ணுவிண்ணுனு தெறிக்குது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான வலி. நோயைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றும் ஒரு துப்பு. ‘கிறுகிறுன்னு வருது’ என்பதும் ‘மயக்கமா வருது’ என்பதும் ஒன்றல்ல. ‘நெஞ்சு கரிக்குது’ என்பதற்கும் ‘நெஞ்சை அடைக்குது’ என்பதற்கும் இடையே சில நேரம் ஓர் உயிர் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லித் தர வீடுகளால்தான் முடியும்.

இன்னொரு வகை மாணவர்களும் இந்த பஸ்ஸில் வருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படி வந்த பலருக்கு ரேஷன் கடை வரிசையும், நூறு நாள் வேலை அட்டையும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாத்திரை வைக்கும் வழக்கமும் சொந்த வீட்டுச் சங்கதி. ஆங்கிலப் பாடப் புத்தகத்தின் முன்னால் அவர்கள் தயங்கி உட்கார்ந்திருக்கலாம். திண்ணையில் மற்றவர்களுக்கு வழிகாட்டுவது அவர்களாக இருக்கும்.

ஃபைலில் மட்டும் வாழும் குடும்பங்கள்

எல்லாம் இப்படி அழகாகவே நடந்துவிடுமா? நடக்காது. திட்டம் வழுக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

ஒரே நேரத்தில் ஐம்பது, நூறு மாணவர்கள் ஓர் ஊரில் இறங்கினால் அது கல்யாண வீட்டுக் கூட்டம். ஒரு வீட்டுக்குள் ஆறு பேர் நுழைந்து கேள்வி கேட்டால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். பகல் பதினொரு மணிக்குப் போனால் வேலைக்குப் போனவர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். வருடா வருடம் சர்க்கரையும் பி.பி-யும் பார்த்து எழுதிக்கொண்டு போய், மேற்கொண்டு எதுவும் நடக்காவிட்டால், ‘சும்மா வந்து எழுதிட்டுப் போறாங்க’ என்று ஊர் சொல்லும். அந்தப் பெயர் வந்துவிட்டால் அடுத்து வரும் மாணவருக்குக் கதவு பாதிதான் திறக்கும்.

எந்த வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் பெரிய கேள்வி. பஸ் நிற்கும் தெருவில் இருக்கும் வீடுகளையே பிரித்துக் கொடுத்துவிட்டால், ஊருக்கு வெளியே இருக்கும் காலனி விட்டுப்போகும். மிகவும் தேவைப்படும் வீடு பெரும்பாலும் பஸ் போகாத தெருவில்தான் இருக்கிறது.

மாணவர்கள் பக்கத்து நியாயமும் உண்டு. அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி பரீட்சைகள் கழுத்தை நெரிக்கும்போது, ஊருக்குப் போகும் நாள் ‘ரெக்கார்டு நோட்டு நிரப்பும் நாள்’ ஆகிவிடும். வீட்டில் பார்த்ததைக் கேட்டு, ‘அப்புறம் என்ன செய்தாய்?’ என்று பின்தொடரும் ஆசிரியர் இருந்தால்தான் அது பாடமாகும். மார்க் போடுவது எத்தனை பக்கம் எழுதினார் என்பதற்கா, அந்த வீட்டில் எது மாறியது என்பதற்கா? பதில் கல்லூரியின் கையில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வந்தால்...

மருத்துவ மாணவர்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

* எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். உடன் வந்திருக்கும் ஆசிரியர் யார் என்றும் விசாரிக்கலாம்.

* பேச விருப்பம் இல்லையென்றால் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. உங்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது.

* மாதவிடாய், கர்ப்பம், மனநலம் போன்றவற்றை எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டியதில்லை. ‘தனியா பேசணும்’ என்று சொல்லுங்கள்.

* அவர்கள் மருந்து எழுதித் தர முடியாது. நீங்கள் சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்லவும் முடியாது. மருந்தில் எந்த மாற்றமும் டாக்டர் வழியாகத்தான்.

* வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்து காட்டுங்கள். சாப்பிடாமல் விட்டதை மறைக்க வேண்டாம். யாரும் திட்ட மாட்டார்கள்.

* பி.பி பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, காபி, புகை வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

* கிளம்பும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ‘எங்க வீட்ல என்ன பிரச்னைன்னு எழுதியிருக்கீங்க? அடுத்து எப்ப வருவீங்க?’ இந்த இரண்டும் அவர்களுக்குப் பொறுப்பைக் கூட்டும்.

மருத்துவ ஆலோசனைக்கு எப்போது வேண்டுமானாலும் 104 எண்ணை அழைக்கலாம்.

வந்த பிள்ளையும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்

நலம் விசாரிக்க வரும் மாணவர்களின் நலம் எப்படி இருக்கிறது?

நீட் பரீட்சைக்காக இரண்டு, மூன்று ஆண்டுகள் அறைக்குள்ளேயே அடைந்து படித்துவிட்டு, நேராக ஹாஸ்டலுக்கு வருபவர்கள் ஏராளம். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி 2024-ல் அறிக்கை கொடுத்தது. ஆன்லைனில் நடந்த அந்தக் கணக்கெடுப்பில் 25,000-க்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்கள் பதிலளித்தார்கள். அவர்களில் 27.8 சதவிகிதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்னை இருப்பதாகத் தெரிவித்திருந்தார்கள். நான்கு பேரில் ஒருவருக்கும் மேல்.

கிராமத்துக்குப் போனால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அதற்கு ஹாஸ்டல் சூழலும் வேலை நேரமும் மாற வேண்டும், ராகிங் ஒழிய வேண்டும், கவுன்சலிங் கிடைக்க வேண்டும். ஊருக்குப் போகும் நாள் அவர்களுக்கு இன்னொரு சுமையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் கல்லூரியின் கடமை. மனம் தளரும் யாரும், மாணவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ஆனால், திண்ணையில் ஒரு சின்ன விஷயம் நடக்கிறது. கேள்வியெல்லாம் முடிந்து ஃபைலை மூடும்போது பாட்டி கேட்பார்: “நீ சாப்டியா கண்ணு? மூஞ்சி ஏன் வாடிக் கெடக்கு? ஹாஸ்டல் சோறு புடிக்கலையா?” மார்க், ரேங்க், அட்டெண்டன்ஸ் என்று விசாரிக்கப்பட்டே பழகிய பிள்ளையிடம், வேறொன்றைக் கேட்கும் ஆள் அவர். யார் யாரைத் தத்தெடுத்தது என்ற கணக்கு அந்த இடத்தில் கொஞ்சம் குழம்பித்தான் போகும்.

காலி அட்டைகள்

மூன்றாவது ஆண்டு. அதே பஸ், அதே கிணற்றடி. வெள்ளை கோட் சாயம் போயிருக்கிறது. மாணவிக்கு இப்போது கேள்வித்தாள் தேவைப்படுவதில்லை. நேராகத் திண்ணையில் வந்து உட்கார்கிறாள்.

இந்த ஆண்டோடு அவளுடைய வருகை முடிகிறது. அவளுடைய ஃபைல் கல்லூரி அலமாரிக்குள் போகுமா, அடுத்து வரும் மாணவரின் கைக்குப் போகுமா? ‘பாட்டிக்குக் காலையில் சாப்பாடு கிடையாது’ என்ற அந்த ஒரு வரி ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவிலும் இருக்குமா? பாட்டியின் கேள்விக்கான மீதிப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது. கல்லூரியும், கிராம சுகாதார செவிலியரும், தன்னார்வலரும் கைகோத்து எழுத வேண்டிய பதில் அது. எழுதாமல் விட்டால், அடுத்து வரும் பிள்ளை முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கும். பாட்டியும் முதல் பதிலிலிருந்து ஆரம்பிப்பார்.

பாட்டி உள்ளே போய் அதே ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வருகிறார். திறந்து திண்ணையில் கொட்டுகிறார். எல்லாம் காலி அட்டைகள். தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருக்கிறார்.

“நீ வந்தா காட்டணும்னுதான் கண்ணு.”

மாணவி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பிக்கிறாள்.